பர்த்டே பார்ட்டியில எட்டப்பன் யாரு?

வீட்டுல ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் இருந்தா சொந்தக்காரங்க என்னென்ன வேலை சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். வைஃபை வரலைன்னா நாம. பிரின்டர் மக்கர் பண்ணா நாம. போன தீபாவளி லீவுல எனக்கு வந்த வேலை கொஞ்சம் புதுசு. சித்தி போன் பண்ணி, "தம்பிக்கு 13 வயசு முடியுது, இந்த ஸ்பைடர்மேன் பலூன் எல்லாம் வேணாமாம், நீ ஏதாவது வித்தியாசமா பண்ணிக் குடும்மா, ஃபைனல் இயர்தானே, ஃப்ரீயாதான இருப்ப"ன்னாங்க. ஃபைனல் இயர் ஃப்ரீ இல்ல சித்தின்னு சொல்ல வாய் வந்துச்சு. ஆனா சொல்லல.

ஐடியா என்னோடது இல்ல. அமெரிக்காவுல இருக்கிற பெரியப்பா மகன் ஒரு தடவை சொன்னது. அங்க சில இடங்கள்ல பசங்களுக்கு பாயின்ட் 22 ரைஃபிள் பிடிக்கச் சொல்லிக் குடுப்பாங்களாம். நடு நடுவுல துப்பாக்கியை எல்லாம் கீழ வைக்கச் சொல்லிட்டு, 1775 ஏப்ரல் 19-ஆம் தேதி கதையைச் சொல்லுவாங்களாம். கான்கார்டுங்கிற ஊர்ல இருந்த ஆயுதங்களைப் பறிக்க சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்ங்க கிளம்பிப் போறாங்க. வழியில லெக்சிங்டன் ஊர்த் திடல்ல எழுபத்துச் சொச்சம் ஊர்க்காரங்க வரிசையா நிக்கிறாங்க. எட்டுப் பேர் சாகறாங்க. அங்கேருந்துதான் அமெரிக்கச் சுதந்திரப் போரே ஆரம்பிக்குது. கொஞ்ச நேரம் கதை, கொஞ்ச நேரம் குறி, மறுபடி கதை. அவன் பையனோட ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு பர்த்டேவே இப்படித்தான் நடந்துச்சாம்.

நம்ம ஊர்லயும் கதை இருக்கு, ஏர் ரைஃபிள் ரேஞ்சும் இருக்கு, அப்புறம் என்ன? அதுதான் என் கணக்கு. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கு எங்க சரியா வந்துச்சு, எங்க தப்பாச்சுங்கறதைப் பத்தி. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: உங்க வீட்டுத் தம்பி தங்கச்சிக்கு இப்படி ஒரு பார்ட்டி கண்டிப்பா வைங்க. ஆனா நான் செஞ்ச மாதிரி வைக்காதீங்க.

கதைக்கு மருது சகோதரர்களை எடுத்ததுக்குக் காரணம் ஒரு ஆங்கிலேயன். நான் முழுக்க இங்கிலீஷ் மீடியம். பள்ளியில படிச்ச ஹிஸ்டரியில 1857-ன்னா பெரிய எழுத்து, பாளையக்காரங்கன்னா ஒரு பாரா. கட்டபொம்மனைத் தெரிஞ்சுக்கிட்டது 1959-ல வந்த சிவாஜி படத்துல இருந்துதான், அதுவும் டிவியில. அதனால தீம் தேடும்போது நெட்ல பழைய ஸ்கேன் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாச்சு. அப்படிக் கிடைச்சதுதான் ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற கம்பெனிப் படை அதிகாரி 1830-ல வெளியிட்ட 'மிலிட்டரி ரெமினிசென்சஸ்'. இளம் அதிகாரியா மதுரைப் பக்கம் வந்திருந்தப்போ சின்ன மருதுவோட தனக்கு இருந்த பழக்கத்தை அதுல எழுதியிருக்கார். ஈட்டி எறியவும், வளரி வீசவும் அவருக்கு முதன்முதலா சொல்லிக் குடுத்ததே சின்ன மருதுதானாம். கை தேர்ந்தவங்க வீசினா நூறு கஜத்துக்குள்ள குறி தப்பாதுன்னும் எழுதுறார்.

நூறு கஜம்னா கிட்டத்தட்ட 91 மீட்டர். கொஞ்சம் மிகைப்படுத்தறார்னுதான் எனக்குத் தோணுது. பாதியா வச்சுக்கிட்டாலும் கதை சின்னதில்ல. அந்தக் காலத்துல கம்பெனிச் சிப்பாய் தூக்கிட்டு வந்த மஸ்கட்டுக்கு உள்குழாய்ல புரி கிடையாது. குண்டு சுழலாம, குழாய்ச் சுவர்ல முட்டி மோதி எந்தப் பக்கம் வேணாலும் கிளம்பும். ஒரு ஆளைக் குறிபார்த்து அடிக்கணும்னா 50, 60 மீட்டருக்கு மேல அது நம்பிக்கையான சாமான் இல்ல. அதனாலதான் அவங்க வரிசையா நின்னு ஒரே நேரத்துல சுட்டாங்க. வளரி வேற ரகம். பிறை மாதிரி வளைஞ்ச மரக்கட்டை, சிலது இரும்பு, ஒரு முனை கனமா இருக்கும். ஆஸ்திரேலிய பூமராங் மாதிரி திரும்பி வரணும்ங்கிற கட்டாயம் இல்ல. போய்த் தாக்கணும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்சது இந்த நட்புதான். சொல்லிக் குடுத்தவரு ஒரு பக்கம், கத்துக்கிட்டவரு இன்னொரு பக்கம். சில வருஷத்துல அதே வெல்ஷ், அதே சின்ன மருதுவைப் பிடிக்கப் போன படையில இருக்கார். 1801 ஜூன்ல மருது திருச்சியிலயும் ஸ்ரீரங்கத்துலயும் அறிக்கை ஒட்டுறார், எல்லாரும் சேர்ந்து எதிர்க்கணும்னு. அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தூக்குல போடறாங்க. (வேலூர் பக்கத்துத் திருப்பத்தூர் இல்ல, சிவகங்கைத் திருப்பத்தூர்.) தொடை எலும்பு முறிஞ்சு கிடந்த தன் குருவை வெல்ஷ் கண்ணால பார்த்திருக்கார். அந்தப் பக்கத்தை வருத்தத்தோடதான் எழுதியிருக்கார். வருத்தப்பட்டாரே ஒழிய வேலையை விடல. அதையும் சேர்த்தே சொல்லணும்.

சரி, பார்ட்டிக்கு வருவோம்.

மதுரையில ஒரு பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ரேஞ்ச். பதினொரு பசங்க. கோச் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தார், ஆளுக்கு 200 ரூபாய். சித்தப்பா முதல்ல ஒத்துக்கவே இல்ல. "சின்னப் பிள்ளைங்க கையில துப்பாக்கியைக் குடுப்பியா? என்ன பழக்கம் இது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். நீங்களும் இதைக் கேப்பீங்க. நான் அப்போ சொன்ன பதில், "அவன் போன்ல தினமும் நூறு பேரைச் சுடறான் சித்தப்பா". அது புத்திசாலித்தனமா இருந்துச்சே தவிர பதிலா இல்ல. உண்மையான பதில் ரேஞ்சுல கிடைச்சுது.

முதல் 25 நிமிஷம் ஒருத்தரும் ஒரு குண்டு கூட சுடல. துப்பாக்கிக்குள்ள குண்டு இல்லைன்னு தெரிஞ்சாலும் இருக்கிற மாதிரியே நடத்தணும். முனை எப்பவும் டார்கெட் பக்கம்தான் இருக்கணும், பேசும்போது கூடத் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கிற வரைக்கும் விரல் ட்ரிகர் மேல போகக் கூடாது. "ஸ்டாப்"னு சத்தம் வந்தா அப்படியே நிறுத்தணும், யார் சொன்னாலும். கடைசி வரியை கோச் ரெண்டு தடவை சொன்னார், யார் சொன்னாலும்னா இங்க இருக்கிறதுலயே சின்னப் பையன் சொன்னாலும்னு. பதினொரு பேரும் மாத்தி மாத்திக் கத்திப் பார்த்தாங்க. ஒரு வீட்டுலயும் ஒரு ஸ்கூல்லயும் பெரியவங்களை நிறுத்தற அதிகாரம் இவங்களுக்குக் கிடைச்சதே இல்லையே!

அப்புறம் கண்ணு. ரெண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவுல ஒரு சின்ன முக்கோணம் விட்டு, அது வழியா தூரத்துல ஒரு பொருளைப் பாருங்க. ஒரு கண்ணை மூடுங்க. பொருள் அங்கேயே இருந்தா திறந்திருக்கிற கண்தான் உங்க மாஸ்டர் கண். மறைஞ்சா மத்தது. இதைப் படிக்கிறவங்களும் இப்பவே பண்ணிப் பார்க்கலாம், ஹாஸ்டல்ல யாரும் சிரிக்க மாட்டாங்க. எனக்கு 21 வயசு, வலது கைக்காரி, மாஸ்டர் கண் இடதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

போட்டி ரைஃபிள் அஞ்சரை கிலோ வரைக்கும் இருக்கலாம். பசங்களால தூக்க முடியாது. அதனால லேசான ரைஃபிளை ஸ்டாண்டு மேல தாங்கி வச்சுத்தான் சுட விட்டாங்க. குண்டு 4.5 மில்லிமீட்டர், அரை கிராம் எடை. நொடிக்கு 170 மீட்டர் பக்கம் போகும். நான் இன்ஜினியரிங் புத்தியைக் காட்டாம இருக்க முடியுமா? பத்து மீட்டர் போறதுக்குள்ள புவியீர்ப்பு அதை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல கீழ இழுத்துடும்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். டார்கெட்ல கறுப்பு வட்டத்தோட ஆரமே ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதாவது சைட்டைச் சரி பண்ணாம குழாயை நேரா நடுவுல பிடிச்சா குண்டு கறுப்புக்கு வெளியேகூடப் போயிடும். பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையில வச்ச ஒரு புள்ளி. ஒரு பொண்ணு கேட்டா, "அக்கா, இதை நிஜமாவே அடிப்பாங்களா?" 2008 பீஜிங்ல அபினவ் பிந்த்ரா இந்தப் புள்ளியை அடிச்சுத்தான் தங்கம் வாங்கினார், கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் இந்த ஆட்டத்துலதான் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கினாங்கன்னு கோச் சொன்னார். கடலூர்னதும் அந்தப் பொண்ணு முகம் மாறுச்சு. அவங்க அம்மா ஊர் அது.

மூச்சை வெளிய விட்டு, அடுத்த மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில ட்ரிகரை அமுக்கணும், வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. சுட்டப்புறமும் ஒரு நொடி அப்படியே இருக்கணும். மனசு படபடன்னா இருந்தா இறக்கி வச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். ஒலிம்பிக் தகுதிச் சுற்றுல 60 குண்டுக்கு 75 நிமிஷம். ஒரு குண்டுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல. போன் கேம்ல ஒரு நிமிஷத்துல எத்தனை குண்டுன்னு நீங்களே எண்ணிக்குங்க. சித்தப்பா பின்னாடி நாற்காலியில உக்காந்து பார்த்துட்டிருந்தார். இவ்ளோ நேரம் இவன் சும்மா நின்னு நான் பார்த்ததே இல்லன்னார். கடைசியில அவரும் அஞ்சு குண்டு சுட்டார், மார்க்கை மட்டும் யாருக்கும் காட்டல.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. இனி என் தப்புகள்.

முதல் தப்பு பாதியிலயே தடுக்கப்பட்டது. நான் டார்கெட் பேப்பர் மேல ஒட்டறதுக்கு மீசை வச்ச ஒரு வெள்ளைக்காரத் துரை படம் பிரின்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். தீம் வேணுமே! கோச் அதை வாங்கிப் பார்த்துட்டு மடிச்சு என்கிட்டயே குடுத்தார். இங்க வட்டத்தைத்தான் சுடுவோம், முகத்தைச் சுட மாட்டோம்மான்னார். அவ்வளவுதான், விளக்கம் எதுவும் இல்ல. எனக்கு அப்போ கொஞ்சம் கடுப்பா இருந்துச்சு. இப்போ யோசிச்சா அந்த ஒரு வரிதான் முழு பார்ட்டியிலயே பெரிய பாடம். அதை நான் அப்பவே புரிஞ்சுக்கிட்டிருந்தா ரெண்டாவது தப்பைப் பண்ணியிருக்க மாட்டேன்.

ரேஞ்ச் முடிச்சு வீட்டு மொட்டை மாடி. காலேஜ் லேப்ல மிச்சம் கிடந்த ஃபோம் ஷீட்டை வளரி மாதிரி வெட்டி வச்சிருந்தேன், ஒரு முனையில துணி சுத்திக் கனமாக்கி. பிளாஸ்டிக் குடத்தை அடுக்கி அதை வீசி விழ வைக்கணும். நடுவுல கதை சொல்லணும். கதையில ஆளுக்கு ஒரு வேஷம் குடுக்கணும். யாருக்கு எந்த வேஷம்னு எப்படி முடிவு பண்றது? இன்ஜினியர் மூளை, ரேஞ்ச் மார்க்கை வச்சு வரிசைப்படுத்திட்டேன். முதல் ரெண்டு பேர் பெரிய மருது, சின்ன மருது. அடுத்தது வேலு நாச்சியார், ஊமைத்துரை. இப்படியே இறங்கி வந்து, கடைசி மார்க் எடுத்தவனுக்கு எட்டப்பன்.

மருது கதையில எட்டப்பன் எங்கடா வந்தார்னு கேப்பீங்க. அவர் வர்றது கட்டபொம்மன் கதையில. ஆனா தமிழ்நாட்டுல ஹிஸ்டரி டிராமா போட்டா துரோகி வேஷம் ஒண்ணு வேணும், அதுக்கு ஒரே பேர்தான் நமக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தெரிஞ்சிருந்துச்சு.

அந்தப் பையன் கீழ் வீட்டுக்காரன். அங்க இருந்ததுலயே சின்னவன், கண்ணாடி போட்டவன். ரேஞ்சுல அவன் குண்டு பாதி பேப்பர்லயே படல. வேஷம் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். பத்து நிமிஷம் கழிச்சு ஆட்டம் மாறிப் போச்சு. குடத்தை விட்டுட்டு எல்லா வளரியும் அவன் மேல பறக்குது. ஃபோம்தான், வலிக்காது. அவன் தண்ணி டேங்க் பின்னாடி போய் உக்காந்துட்டான். கேக் வெட்டக் கூப்பிட்டப்போ வரல. "ஸ்டாப்"னு அவன் கத்தினதை நான் கேக்கலைன்னு தம்பிதான் அப்புறம் சொன்னான். "அக்கா, அவன் ரெண்டு தடவை சொன்னான், நீ ஸ்பீக்கர்ல பாட்டு மாத்திட்டிருந்த."

ராத்திரி அவங்க அம்மா போன் பண்ணாங்க. சண்டையெல்லாம் போடல. "இனிமே ஸ்கூல் வேன்லயும் அதே பேரைத்தானம்மா சொல்லுவாங்க"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மறுநாள் உக்காந்து, எட்டப்பன் பத்தி எனக்கு என்னதான் தெரியும்னு தேடினேன். எட்டையபுரம் பாளையம் கம்பெனி பக்கம் நின்னுச்சு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா தப்பிச்சு ஓடின கட்டபொம்மனைப் பிடிச்சு ஒப்படைச்சது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. 1799 அக்டோபர் 16-ல கயத்தாறுல அவரைத் தூக்குல போட்டாங்க. எட்டப்பன்ங்கறது ஒரு ஆள் பேரே இல்ல, அந்தப் பாளையத்தை ஆண்ட வம்சம் முழுக்க வச்சிருந்த பேர். அதே எட்டையபுரத்துலதான் 1882-ல சுப்பிரமணியன்னு ஒரு பையன் பிறந்தான். சின்ன வயசுலயே 'பாரதி'ன்னு பட்டம் குடுத்ததும் அதே ஊர்தான். சீறாப்புராணம் எழுதின உமறுப் புலவர் அடக்கமாகி இருக்கிறதும் அங்கதான். முத்துசுவாமி தீட்சிதர் கடைசியா இருந்ததும் அங்கதான். இத்தனையும் இருக்கிற ஒரு ஊர்ப் பேரை நாம ஒரு கெட்ட வார்த்தையா சுருக்கி, கண்ணாடி போட்ட ஒரு ஒன்பது வயசுப் பையன் முதுகுல ஒட்டியிருக்கோம். நான்தான் ஒட்டினேன்.

இன்னொன்னும் சொல்லணும், சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. அழைப்பு அனுப்பினப்போ ஒரு அப்பா போன் பண்ணி, "எதுக்கும்மா மருது பாண்டியர்? நீங்க அவங்க ஆளுங்களா?"ன்னு கேட்டார். கோபமா கேக்கல, சும்மா தெரிஞ்சுக்கத்தான். மதுரையில வளர்ந்தவங்களுக்கு இந்தக் கேள்வி எங்கேருந்து வருதுன்னு தெரியும். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கலர் கொடி, ஒரு மாசம், ஒரு ஃப்ளெக்ஸ். வெல்ஷ் புத்தகத்தை ஸ்கேன்ல படிச்சேன் சார்னு சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியல. அவர் பொண்ணு வந்தா, அது போதும். ஆனா அந்தக் கேள்விக்கு பயந்து இந்தக் கதைகளையே விட்டுட்டா, அப்புறம் ஃப்ளெக்ஸ்ல இருக்கிறது மட்டும்தான் மிச்சம். நாம சொல்லலைன்னா வேற யாரோ, வேற எதுக்கோ சொல்லத்தான் போறாங்க. அதனால சொல்லணும்ங்கறதுல எனக்கு இப்பவும் மாற்றம் இல்ல. வேஷம் போட்டுச் சொல்லக் கூடாதுங்கறதுதான் மாற்றம்.

வேஷம் போட்டா என்ன ஆகும்னா, வெல்ஷுக்கு இடம் இருக்காது. குருவை மதிச்சு, குருவுக்கு எதிராவும் போன ஒரு ஆளை நல்லவனா கெட்டவனான்னு எந்த வரிசையில நிறுத்துவீங்க? துரைசாமிக்கும் இடம் இருக்காது. துரைசாமி யாருன்னு கேக்கறீங்களா? சின்ன மருதுவோட மகன். 15 வயசு. தூக்குல போடாம, 1802 பிப்ரவரியில எழுபதுக்கும் மேற்பட்ட ஆளுங்களோட தூத்துக்குடியில கப்பல்ல ஏத்தி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினாங்க. 1818-ல வெல்ஷ் பினாங்கு போறார். ஒருத்தர் அவரைப் பார்க்க வந்து நிக்கிறார். வயசான ஆள் மாதிரி இருக்கார், வெல்ஷுக்கு அடையாளம் தெரியல. யாருன்னு கேட்டாதான் துரைசாமின்னு தெரியுது. கணக்குப் போடுங்க, அப்போ அவருக்கு 31 வயசுதான் இருக்கும்.

இந்தக் கதையை அன்னைக்கு மாடியில நான் சொல்லவே இல்ல. சோகமா இருக்கு, பர்த்டேக்கு வேணாம்னு நானே வெட்டிட்டேன். போன வாரம் லீவுக்குப் போனப்போ தம்பிகிட்ட சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அவன் அங்க போய் பர்த்டே கொண்டாடியிருப்பானாக்கா?" ரெண்டாவது கேள்வி, "அந்த வெல்ஷ் அவன்கிட்ட என்ன பேசினார்?" சண்டை பத்தி ஒரு கேள்வியும் வரல.

நீங்க பண்ணப் போறீங்கன்னா சில நடைமுறை விஷயம். ஏர் கன்னை ஆன்லைன்ல வாங்கி மாடியில பண்ணலாம்னு நினைக்காதீங்க. கோச் இருக்கிற ரேஞ்சுக்கே போங்க, வயசு வரம்பை முன்னாடியே கேட்டுக்குங்க, பெத்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே பேசுங்க, வாட்ஸ்அப் ஃபார்வர்டு போதாது. குண்டு ஈயம், அதனால கை கழுவாம யாரையும் கேக் பக்கம் விடாதீங்க. மார்க்கை சத்தமா படிக்காதீங்க, ஆளுக்கு அவங்க பேப்பரைக் குடுத்துடுங்க. கதையை ரேஞ்சுலயே, துப்பாக்கியைக் கீழ வச்சிருக்கிற நேரத்துல சொல்லுங்க. மாடியில சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, எல்லாரும் பப்ஸைத்தான் பார்ப்பாங்க.

கீழ் வீட்டுப் பையன்கிட்ட போய் ஸாரி சொன்னேன். அவன் கேரம் ஆடிட்டிருந்தான், தலை தூக்கல. எட்டையபுரம், பாரதி, எல்லாம் சொன்னேன். கேட்டானா இல்லையான்னு தெரியல. கிளம்பும்போது, "அந்த ரேஞ்சுக்கு மறுபடி போலாமா? அவங்க யாரும் வேணாம், நான் மட்டும்"னான். அடுத்த செமஸ்டர் லீவுக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். அவங்க அம்மா சரின்னுட்டாங்க, ஒரே ஒரு கண்டிஷனோட. இந்த தடவை ஸ்பீக்கர் கொண்டு வரக் கூடாதாம்.